மூளைக்காய்ச்சலுக்குப் பின் புதிய நியூரான்கள் பிறக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் நான்கு நாள் காய்ச்சலில் தொடங்கி, எங்கள் மகளைத் தம் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குக் குழம்பிப்போனார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்து, ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் என்று சொல்லி, 21 நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது வேலைக்குப் போகிறார். பத்து வருடத்துக் கணக்கைக் கேட்டாலும் சொல்கிறார். ஆனால் பேருந்து நிலைய ஸ்டாண்டில் பைக்கை எங்கே விட்டோம் என்பது மட்டும் மறந்துவிடுகிறது. நேற்று விட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு தேடுகிறார். மூளையில் அழற்சி வந்தால் புதிய நியூரான்கள் உருவாவது நின்றுவிடும் என்று படித்தேன். அது உண்மையா? அழற்சி அடங்கினால் மீண்டும் உருவாகுமா? உறவினர் ஒருவர் மஞ்சள் சத்து கேப்ஸ்யூலும் தினம் ஒரு வலி மாத்திரையும் கொடுத்தால் அழற்சி குறைந்து நியூரான் வளரும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மட்டுமே அவசரமானது. வலி மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டாம். உறவினர் வெறும் வதந்தியைச் சொல்லவில்லை. அவர் சொல்வதற்குப் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு எலிகளின் மீது, சில வார காலத்துக்கு நடத்தப்பட்டது. அதை உங்கள் கணவரின் மாத்திரைப் பெட்டி வரை இழுத்துக்கொண்டு வர முடியாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, நீங்கள் படித்த செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

பிறக்கும்போது இருக்கும் நியூரான்களோடுதான், அதாவது மூளையின் நரம்புச் செல்களோடுதான், சாகும்வரை காலம் தள்ள வேண்டும் என்றே நெடுங்காலம் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர், கோபால் தாஸ் என்ற இந்தியருடன் சேர்ந்து, வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்கள் தோன்றுவதைக் கதிரியக்க அடையாளமிட்டுக் காட்டினார். அதை அப்போது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. மனிதரில் இதற்கான முதல் நேரடிச் சான்று 1998இல்தான் வந்தது. ஸ்வீடனில் பீட்டர் எரிக்சன், அமெரிக்காவின் ஃப்ரெட் கேஜ் ஆகியோரின் குழு, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது, பிரியும் செல்களை அடையாளமிடும் ஒரு வேதிப்பொருளைப் பெற்று, பின்னர் இறந்துபோன ஐந்து நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தது. அவர்களின் ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளத்தைச் சுமந்த நியூரான்கள் இருந்தன.

ஹிப்போகாம்பஸ் என்பது காதுக்கு நேர் உட்புறத்தில், இருபக்க டெம்போரல் மடல்களின் உள்ளோரத்தில், சுருண்டு படுத்திருக்கும் ஒரு பகுதி. அன்றன்று நடப்பதை நினைவாகப் பதிவது அங்கேதான் தொடங்குகிறது. அதற்குள் டென்டேட் கைரஸ் என்றொரு மெல்லிய மடிப்பு இருக்கிறது. அந்த மடிப்பின் உள்விளிம்பில் ஸ்டெம் செல்கள் வரிசையாகக் குடியிருந்து, அவ்வப்போது பிரிந்து, குட்டி நியூரான்களை ஈனுகின்றன. எலியில் அப்படிப் பிறந்த ஒரு செல் கிளைவிட்டு, அக்கம்பக்கத்தோடு இணைப்புப் போட்டு, வேலைக்கு வர நான்கிலிருந்து எட்டு வாரங்கள் ஆகும். குரங்கில் ஆறு மாதங்களுக்கும் மேல் ஆகிறது.

இந்த இளம் நியூரான்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பதைச் சொல்ல உங்கள் கடிதத்தில் இருக்கும் பைக் உதாரணத்தைவிட நல்லது எனக்கும் கிடைக்காது. ஒரே ஸ்டாண்ட், ஒரே கூரை, ஒரே மாதிரி வண்டிகள். நேற்று மூன்றாவது வரிசை, இன்று ஐந்தாவது வரிசை. ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நினைவுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிடாமல் தனித்தனியே வைத்துக்கொள்ளும் வேலையை டென்டேட் கைரஸ் செய்கிறது. புதிய நியூரான்கள் பிறப்பதைத் தடுத்துவிட்டால், ஒன்றுக்கொன்று நெருக்கமான இடங்களைப் பிரித்தறிவதில் சுண்டெலிகள் தடுமாறுகின்றன. தூரத்தூரமாக இருக்கும் இடங்களைச் சரியாகவே கண்டுபிடிக்கின்றன. உங்கள் கணவர் ஸ்டாண்டையே மறக்கவில்லை, நேற்றைய இடத்துக்குப் போய் நிற்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள்.

இனி அழற்சிக்கு வருவோம். மூளையில் மைக்ரோகிளியா என்ற செல்கள் இருக்கின்றன. நியூரான்களைப் போல மின்துடிப்பை அனுப்புவது அவற்றின் வேலையன்று. அவை மூளையின் சொந்தக் காவல்படை. நலமாக இருக்கும் மூளையிலும் அவற்றுக்கு ஓய்வில்லை. டென்டேட் கைரஸில் பிறக்கும் குட்டிச் செல்களில் பெரும்பாலானவை முதல் சில நாட்களுக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. மைக்ரோகிளியா அவற்றை விழுங்கி, இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கின்றன. நெருக்கமாக விதைத்த வயலில் பயிர் கலைப்பதைப் போன்றது இது. கலைக்காவிட்டால் மிச்சப் பயிரும் தேறாது.

கிருமியோ காயமோ கதிர்வீச்சோ வந்து தாக்கும்போது இதே செல்கள் உருமாறுகின்றன. உடல் பருத்து, கிளைகளைச் சுருக்கிக்கொண்டு, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்களையும் (செல்களுக்கிடையே அழற்சிச் செய்தி சொல்லும் புரதங்கள்) நைட்ரிக் ஆக்ஸைடையும் வெளிவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு இதனால் பல வகைகளில் இடைஞ்சல் நேர்கிறது. சில பிரிவதை நிறுத்திவிடுகின்றன. சில பிரிந்தாலும் நியூரான் ஆகாமல், ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்லாக மாறிவிடுகின்றன. நியூரானாகவே பிறந்தவற்றிலும் பல, இணைப்புப் போடுவதற்கு முன்பே மடிகின்றன. தப்பிப் பிழைத்தவை அண்டைச் செல்களிடமிருந்து பெறும் இணைப்புகள்கூட அழற்சியில்லாத மூளையில் இருப்பதிலிருந்து வேறுபடுகின்றன.

இதை நிலைநாட்டிய இரண்டு முக்கியமான ஆய்வுகளும் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தவை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஓல்லே லிண்ட்வால் குழுவினர், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு நச்சுப்பொருளை எலியின் மூளையில் செலுத்தி அழற்சியை உண்டாக்கியபோது, புதிய நியூரான்களின் எண்ணிக்கை சரிந்தது. மைக்ரோகிளியாவை அடக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தபோது அந்தச் சரிவு பெரிதும் தடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்யே, தியோ பாமர் ஆகியோர் இதையே வேறொரு மருந்தால் செய்து காட்டினார்கள். அந்த மருந்து இன்டோமெதசின்; மூட்டுவலிக்கு நாம் எழுதித்தரும் பழைய வலி மாத்திரை. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது அநேகமாக இதைத்தான்.

வைரஸைப் பொறுத்தவரை இன்னும் நெருக்கமான சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் வெஸ்ட் நைல் வைரஸால் தாக்கப்பட்டு மீண்ட சுண்டெலிகளில், வைரஸ் ஒழிந்த பிறகும் இன்டர்லூகின்-1 தொடர்ந்து சுரந்து, ஸ்டெம் செல்களை நியூரான் பக்கம் போகவிடாமல் ஆஸ்ட்ரோசைட் பக்கம் தள்ளியது. அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது நினைவுத்திறன் காப்பாற்றப்பட்டது. நம் பக்கத்துக்கு மிக வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில். அந்த வைரஸ் நியூரான்களைக் கொல்வதோடு நிற்காமல் ஸ்டெம் செல்களுக்குள்ளும் நேரடியாகப் புகுந்து அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கிறது என்பதை, 2008இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் அனிர்பன் பாசு குழு காட்டியது. கோவிட் தொற்றை மூச்சுப்பாதையோடு மட்டுமே நிறுத்திய சுண்டெலிகளில்கூட ஹிப்போகாம்பஸின் புதிய நியூரான்கள் குறைந்ததை 2022இல் மோன்யேயும் அகிகோ இவாசாகியும் வெளியிட்டார்கள்.

ஆகவே, நீங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் "நின்றுவிடும்" என்ற சொல் அதிகம். குறையும் என்பதே சரி. எல்லா அழற்சியும் எல்லாக் காலத்திலும் குறைப்பதில்லை என்பதையும் அதே லுண்ட் குழுவே பிற்பாடு கண்டது. கடும் வலிப்புக்குப் பிறகு எலியின் மூளையில் அழற்சி மாதக்கணக்கில் நீடித்தபோதும் புதிய நியூரான்களில் கணிசமானவை உயிர்தப்பி நிலைத்தன. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மிக்கால் ஷ்வார்ட்ஸ் குழுவினரோ, அளவோடு இயங்கும் நோயெதிர்ப்புச் செல்கள் இல்லாவிட்டால் புதிய நியூரான்களின் பிறப்பே குன்றுகிறது என்று 2006இல் காட்டினார்கள். ஆக, மைக்ரோகிளியாவை ஒட்டுமொத்தமாக அடக்கி உட்காரவைப்பது நல்ல யோசனையன்று. எப்போது, எந்த அளவு, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தே அது நன்மையோ தீமையோ ஆகிறது.

உங்களுக்கு ஒரு சங்கடமான செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த முழுக்கதையும் மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் நெடுநாள் வழக்கு நடந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு மனித நியூரான்களின் வயதைக் கணித்த ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசென் குழு, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நியூரான்கள் சேர்கின்றன என்று 2013இல் சொன்னது. 2018இல் கலிஃபோர்னியாக் குழு ஒன்று, பெரியவர்களில் அப்படி ஒன்றுமே தென்படவில்லை என்று மறுத்தது. அடுத்த ஆண்டே மாட்ரிட்டில் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு, இறந்தவரின் மூளைத் திசுவை ரசாயனத்தில் எவ்வளவு நேரம் ஊறவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இளம் நியூரான்கள் தெரிவதும் தெரியாததும் அமைகிறது என்று விளக்கி, முறையாகப் பதப்படுத்திய திசுவில் அவை ஆயிரக்கணக்கில் இருப்பதையும், அல்சைமர் நோயாளிகளிடம் அவை குறைவதையும் காட்டியது. 2025இல் ஃப்ரிசென் குழு பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும், நியூரானாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்களையே அடையாளம் கண்டிருக்கிறது. என் கணிப்பில் வழக்கு பெரும்பாலும் 'உண்டு' என்ற பக்கமே சாய்ந்துவிட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் அளவு பெரிதும் வேறுபடுகிறது. உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில் எத்தனை புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் ஸ்கேன் எதுவும் மருத்துவமனைகளில் இல்லை. "நியூரான் வளர்ச்சிப் பரிசோதனை" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். அவருடைய மறதிக்குப் புதிய நியூரான்கள் பிறக்காததுதான் காரணம் என்று எண்ண வேண்டாம். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு டெம்போரல் மடலின் உள்ளோரம்தான் விருப்பமான இடம். அதாவது ஹிப்போகாம்பஸும் அதன் சுற்றுப்புறமும். அந்த வைரஸ் அங்கே ஏற்கெனவே இருந்த, பல்லாண்டு வேலை பார்த்த நியூரான்களையே திசுவோடு அழிக்கிறது. பழைய கணக்குகள் நினைவில் நிற்பதும் அன்றன்றைய செய்தி நழுவுவதும் இந்தச் சேதத்துக்கு உரிய அடையாளம். ஒரு வீட்டின் சுவரே இடிந்திருக்கும்போது, மாதம் இரண்டு செங்கல் வந்துகொண்டிருந்தது நின்றதைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அழற்சி அடங்கியபின் செங்கல் வரத்து மறுபடி தொடங்கக்கூடும் என்றே விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் டென்டேட் கைரஸில் பிறப்பவை அங்கேயே தங்கும் ஒரே வகைச் செல்கள். மற்றப் பகுதிகளில் அழிந்துபோன நியூரான்களின் இடத்துக்கு அவை போய் உட்காருவதில்லை. அவர் இந்த எட்டு மாதத்தில் தேறியிருப்பதற்கும் இனித் தேறப்போவதற்கும் முக்கியமான காரணம், வீக்கம் வடிந்ததும், எஞ்சியிருக்கும் நியூரான்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்வதுமே ஆகும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெர்பிஸ் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து வருவதற்கு முன், சிகிச்சை பெறாத ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பழைய வேலைக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலரே. உங்கள் கணவர் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்பது சிறிய செய்தியன்று. அவருக்கு 21 நாள் விடாமல் ஏறிய ஊசி அநேகமாக அசைக்ளோவிராகவே இருக்கும்.

வலி மாத்திரைக்குத் திரும்புவோம். எலியில் இன்டோமெதசின் பலித்தது என்பதை நம்பி மனிதரில் அழற்சி அடக்கும் மருந்துகளைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அல்சைமர் வராமல் தடுக்க நாப்ராக்ஸென், செலிகாக்ஸிப் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இதயப் பாதிப்பு பற்றிய அச்சத்தால் 2004 டிசம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. நினைவுத்திறனில் நன்மையும் தெரியவில்லை. மினோசைக்ளின் கதை இன்னும் பாடமானது. எலிகளில் அவ்வளவு நம்பிக்கை தந்த அந்த மருந்தை, ஏ.எல்.எஸ். என்ற நரம்புத் தேய்வு நோயாளிகள் 412 பேரிடம் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். 2007இல் அது வெளியானது. தினசரி வலி மாத்திரையால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும், சிறுநீரகப் பாதிப்பும் வருவதை நானே வாரம் தவறாமல் பார்க்கிறேன். உறுதியான தீமைக்கு எதிரே உறுதியற்ற நன்மையை வைத்து எடைபோட வேண்டியதில்லை.

மஞ்சள் கேப்ஸ்யூல் அவ்வளவு ஆபத்தானதன்று. ஆனால் மஞ்சளின் சத்தான குர்குமின் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு. அதைச் சேரவைக்க மிளகுச் சத்தைக் கலந்து விற்கும்போது, அது கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும். வலிப்பு மருந்து எடுப்பவருக்கு இது விளையாட்டான விஷயமில்லை. குழம்பில் போடும் மஞ்சள் போதும். கேப்ஸ்யூல் பணத்தைப் பழத்துக்குச் செலவிடுங்கள்.

நடைப்பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். சக்கரத்தில் ஓடும் சுண்டெலிகளுக்குப் புதிய நியூரான்கள் கூடுகின்றன என்பது 1999லிருந்து பலமுறை உறுதியான ஒன்று. மனிதரில், 120 முதியவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் விரைந்து நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பருத்தது. அந்தப் பருமன் புதிய நியூரான்களால் வந்ததா, ரத்தக்குழாய்களால் வந்ததா என்று ஸ்கேன் சொல்லாது. எதனால் வந்தாலும், இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. தூக்கம் கெட்டால் நினைவுப் பதிவு நேரடியாகக் கெடும் என்பதால், ஆலையில் இரவு ஷிஃப்ட் கொடுத்தால், நோயைக் காட்டி மாற்றிக் கேளுங்கள். நினைவுப் பயிற்சிக்கு மருத்துவ உளவியலாளர் ஒருவரையோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரையோ பார்ப்பது, எந்தக் கேப்ஸ்யூலையும்விடப் பயன்தரும். அவர்கள் நினைவாற்றலைத் "திரும்பக் கொண்டுவருவதாக" வாக்குக் கொடுக்க மாட்டார்கள். நோட்டு, அலாரம், நிலையான இடம் என்று மறதியைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுத்தருவார்கள்.

அழற்சியைப் பற்றி உண்மையாகவே நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்து தேறியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே நியூரான்கள் செய்தி வாங்க உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் போன்றவற்றைத் தாக்கும் இரண்டாவது அழற்சி வருகிறது. ஸ்பெயினின் பார்சலோனாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதலிலிருந்தே தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 51 பேரில் 14 பேருக்கு இது வந்தது. பெரியவர்களில் இது திடீர்க் கோபம், சந்தேகம், இல்லாததைப் பார்ப்பது, தூக்கமின்மை, புதிய வலிப்பு என்று தொடங்கும். வீட்டார் அதை "மனசு சரியில்லை" என்று விட்டுவிடுவார்கள். அவருக்கு எட்டு மாதம் கடந்துவிட்டது, நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு குறியும் இல்லை. ஆனாலும் தேறிவந்தவர் பின்னோக்கிப் போகிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அவருக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த அழற்சியை ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொண்டு அடக்க முடியும். இங்கே தாமதம்தான் கேடு.

கடைசியாக அந்த பைக். காய்ச்சல் நாட்களில் அவருக்கு வலிப்பு வந்ததா, இப்போது வலிப்பு மருந்து எடுக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வலிப்பு வருவது சாதாரணம் என்பதால், வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்லாதவரை அவர் ஓட்ட வேண்டாம். வீட்டிலிருந்து யாராவது பேருந்து நிலையத்தில் இறக்கிவிடட்டும். அனுமதி கிடைத்த பிறகு, ஸ்டாண்டுக்காரரிடம் சொல்லி ஒரே தூணடியில் ஓர் இடத்தைப் பேசி வாங்கிவிடுங்கள். தினமும் அங்கேயே விட்டால், நேற்றைய இடத்தையும் இன்றைய இடத்தையும் பிரித்தறிய வேண்டிய தேவையே அவருக்கு இராது.